அடுத்த வீட்டில் முன்பே விழுந்த விக்கெட்

கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் இரவுகளில் அபிஷேகப்பாக்கத்துத் தெருக்களில் ஓர் அதிசயம் நிகழ்கிறது. ஒரே விக்கெட் மூன்று தடவை விழுகிறது.

முதலில், கூரைமேல் தட்டு ஆண்டெனா வைத்திருக்கும் வீட்டிலிருந்து "அவுட்!" என்று பெருங்கூச்சல் கிளம்பும். சில விநாடிகள் கழித்து, எதிர்வீட்டுத் திண்ணையில் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் அதே கூச்சலைப் போடுவார்கள். அதற்கும் பிறகு, சிக்னல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கடைசி வீட்டில் ஒரு முனகல் கேட்கும். அந்தக் கடைசி வீட்டுக்காரர் பாடுதான் பரிதாபம். அவருடைய திரையில் பந்து வீசுகிறவர் இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை; ஆனால் நடக்கப்போவது என்ன என்பதை அடுத்த வீட்டு ஆரவாரம் ஜோசியம் சொல்லிவிடுகிறது. "தம்பிகளா, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும், கொஞ்சம் மெதுவாகக் கத்துங்களேன்!" என்று அவர் மன்றாடுவதை நாமே கேட்டிருக்கிறோம்.

இந்தச் சில விநாடி வித்தியாசத்தை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விளையாட்டு ஒளிபரப்பு என்னும் மாபெரும் வியாபாரம் நம் கண்ணெதிரே தலைகீழாகப் புரண்டு கொண்டிருப்பதன் சூட்சுமம் அந்த விநாடிகளுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. ஆகையால் அதைச் சற்று விவரமாகப் பார்ப்பதில் நேயர்களுக்கு ஆட்சேபம் இராது என்று நம்புகிறோம்.

டெலிவிஷன் ஒளிபரப்பு மழையைப் போன்றது. பூமிக்குமேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் படத்தைப் பொழிகிறது. கீழே தட்டை ஏந்தியவர்கள் எல்லாருக்கும் அது ஏககாலத்தில் கிடைக்கிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் பொழிகிறவருக்குச் செலவு ஒன்றே. யார் நனைந்தார்கள், யார் குடை பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது மழைக்குத் தெரியாது.

இணைய நேரலையோ குழாய்த் தண்ணீர். மைதானத்தில் எடுத்த படத்தைச் சில விநாடி அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, பெரிய நகரங்களிலுள்ள கணினிக் கிடங்குகளில் பிரதிகள் வைத்து, ஒவ்வொரு கைபேசியும் தனித்தனியே வந்து கேட்கக் கேட்க அளந்து கொடுக்கிறார்கள். வழியில் இணைப்பு அறுந்தாலும் படம் நின்றுவிடாமலிருக்க, கைபேசி இரண்டு மூன்று துண்டுகளை முன்கூட்டியே வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்புத்தான் தாமதத்துக்குக் காரணம். வீட்டுக்கு வீடு தனிக் குழாய் என்பதால், பார்க்கிறவர் ஒருவர் கூடினால் அனுப்புகிறவருக்குச் செலவும் கூடுகிறது. ஆயினும் மழையில் இல்லாத இரண்டு சௌகரியங்கள் குழாயில் உண்டு. மீட்டர் வைக்கலாம், வேண்டாதபோது திருகி மூடலாம்.

வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தூர்தர்ஷன் காலம் நினைவிருக்கும். ஒரே ஒரு பெட்டி இருந்த வீட்டு முற்றத்தில் தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கும் முன்னால், பொங்கல் சமயத்தில் சென்னைச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் நடந்தால், ரேடியோவில் தமிழ் நேர்முக வர்ணனை கேட்பதற்கென்றே டீக்கடையில் கூட்டம் கூடும். 2020-ல் காலமான அப்துல் ஜப்பார் அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. பந்து எங்கே போகிறது என்பதைக் கண்ணால் காணாமலே காதால் கண்ட தலைமுறை. அவர் பேசிய சுத்தமான தமிழைக் கேட்டுவிட்டு, இன்றைய வர்ணனையாளர் சிலர் பேசும் மணிப்பிரவாளத்தைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் மனக்கிலேசம் உண்டாகிறது. அது நம்முடைய தொழில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாத்தியார்கள் எதைக் கேட்டாலும் பிழை திருத்தத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆட்டத்தை ஒளிபரப்புவதற்குக் கிரிக்கெட் வாரியந்தான் தனக்குப் பணம் தரவேண்டும் என்பது தூர்தர்ஷனின் கட்சி. "நாங்கள் காட்டாவிட்டால் உங்கள் ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பது அதன் வாதம். வாரியத்தாரோ, "எங்கள் ஆட்டம் இல்லாவிட்டால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்கள். 1993-ல் வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் ஹீரோ கோப்பைப் பந்தயத்தின் உரிமையை டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றபோது இந்தத் தகராறு முற்றி, உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு இந்தியாவின் ஒளிபரப்புச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். வானலைகள் பொதுஜனச் சொத்து. அவற்றின்மேல் சர்க்காருக்கு ஏகபோகம் கிடையாது என்றார்கள்.

பொதுஜனச் சொத்து என்ற அந்த வார்த்தையை நேயர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

சர்க்காரின் பிடி தளர்ந்ததும் தனியார் டெலிவிஷன்கள் வந்தன. உரிமையின் விலை ஏறத் தொடங்கியது. 2008-ல் ஐ.பி.எல். பிறந்தது. 2017-ல் நடந்த ஏலத்தில் ஸ்டார் கம்பெனி ஐந்து வருஷத்துக்கு டெலிவிஷன், இணையம் எல்லாவற்றையும் சேர்த்து 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தில் இந்தியாவின் இணைய உரிமைக்கு மட்டும் பேஸ்புக் கம்பெனி கேட்ட விலை 3,900 கோடி. அதுவே அப்போது மூக்கின்மேல் விரலை வைக்கும்படியான தொகையாக இருந்தது.

ஐந்து வருஷம் கழிந்தது. 2022 ஜூன் மாதத்தில் அடுத்த ஏலம். இந்தத் தடவை வாரியத்தார் சாமர்த்தியமாக டெலிவிஷனைத் தனியாகவும் இணையத்தைத் தனியாகவும் கூறு போட்டு விற்றார்கள். டெலிவிஷன் உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. இணைய உரிமையை, அதற்கென்று ஒதுக்கிய விசேஷ ஆட்டங்களின் தனிக் கூறும் சேர்த்து, ரிலையன்ஸைச் சேர்ந்த வயாகாம் 18 என்ற கம்பெனி 23,758 கோடிக்கு எடுத்தது. குழாய் மழையை முந்திவிட்டது! வெளிநாட்டு உரிமைகளையும் கூட்டினால் மொத்தம் 48,390 கோடி. ஐந்து வருஷத்தில் 410 ஆட்டம் என்று போட்ட கணக்கு அது. ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி ரூபாய். ஓர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 240 பந்துகள்; வகுத்துப் பார்த்தால் பந்து ஒன்றுக்கு ஏறக்குறைய 49 லட்சம் ரூபாய் வருகிறது. வைடும் நோபாலும் கொசுறு.

இந்த விலை கொடுத்து வாங்கியவர் அதைப் பொன் தராசில் நிறுத்தல்லவா விற்கவேண்டும்? நடந்ததோ வேறு. 2023-லும் 2024-லும் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா செயலியில் இலவசமாகவே காட்டினார்கள். பன்னிரண்டு பாஷைகளில் வர்ணனை. போஜ்புரிகூட உண்டு. 2023-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தை ஏககாலத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். போட்டிக்காரரான ஹாட்ஸ்டாரும் சும்மா இருக்க முடியுமா? ஐ.பி.எல். கைவிட்டுப் போனதன் பலனை அது கண்கூடாகக் கண்டது: 2022-ன் பிற்பகுதியில் 6.13 கோடியாக இருந்த அதன் சந்தாதாரர் தொகை அடுத்த கோடையில் 4.04 கோடியாகக் குறைந்தது. ஆகவே அதுவும் அந்த வருஷத்து உலகக் கோப்பையைக் கைபேசிகளில் இலவசமாகத் திறந்துவிட்டது. நவம்பர் 19-ஆம் தேதி ஆமதாபாத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அந்தத் துக்க இரவில், ஹாட்ஸ்டாரில் மட்டும் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கையின் ஜனத்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

நம் கடற்கரைப் பக்கத்தார் இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைத் தரைமட்டமாக்கியபோது ஆரம்பித்த மீன்பிடிப்புத்தான் இது. ஆட்டம் இலவசம், அதைப் பார்ப்பதற்கு ஆகும் டேட்டா இலவசமன்று. டேட்டா விற்கிறவரும் ஆட்டம் காட்டுகிறவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு பை இடது, ஒரு பை வலது, சட்டை ஒன்றுதான்.

பிறகு என்ன ஆயிற்று என்பது நேயர்களுக்கே தெரியும். எதிரும் புதிருமாக ஏலத்தில் மோதிய இருவரும் சம்பந்திகளானார்கள். டிஸ்னியின் இந்திய வியாபாரமும் ரிலையன்ஸின் வயாகாம் 18-ம் 2024 நவம்பர் 14-ஆம் தேதி ஒன்றாக இணைந்தன. புதிய கூட்டுக் கம்பெனியின் மதிப்பு 70,352 கோடி ரூபாய். மழையும் குழாயும் ஒரே கைக்கு வந்துவிட்டன. போட்டிகளைக் கண்காணிக்கும் ஆணையம் இந்த இணைப்புக்குச் சில நிபந்தனைகளுடன் சம்மதம் தந்தது. கிரிக்கெட் விளம்பர நேரத்தை விற்கும்போது டெலிவிஷனையும் இணையத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி விளம்பரக்காரர் தலையில் ஏற்றக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. விளம்பரக்காரருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு. 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி இரண்டு செயலிகளும் கலந்து ஜியோஹாட்ஸ்டார் என்று பெயர் சூட்டிக்கொண்டன. அந்த வருஷத்து ஐ.பி.எல். ஆட்டங்களை முழுவதும் இலவசமாகப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஓடும். பிறகு சந்தா கேட்கும். கைபேசிக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்பது ஆரம்ப விலை.

149 ரூபாய் பிரமாதத் தொகை அன்று, ஒப்புக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு வாங்கும் தினசரிப் பத்திரிகையின் விலையைவிடக் குறைவு. ஆனால் திருகு யார் கையில் இருக்கிறது என்பதை அந்தத் தொகை காட்டிவிட்டது. இரண்டு கடை எதிரெதிரே இருந்த காலத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு இனாம் கொடுத்தார்கள். ஒரே கடை ஆன முதல் கோடையில் கல்லாப்பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போதைய உரிமைகள் 2027-ல் முடிகின்றன. அடுத்த ஏலத்தில் எதிர்த்துக் கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்ற கவலை கிரிக்கெட் வாரியத்துக்கே இருக்கவேண்டும்.

வாங்குகிறவர் கைவிட்டால் விளையாட்டின் கதி என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ் தேசத்தைப் பார்க்கலாம். நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவினர் உண்டு. லீவுக்கு வரும்போது அவர்களே இந்தக் கதையைச் சொல்லக்கூடும். பிரெஞ்சுக் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பை வருஷத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து எடுப்பதாக 2018-ல் மீடியாப்ரோ என்ற கம்பெனி ஒப்பந்தம் செய்தது. 2020-ல் ஆட்டங்கள் ஆரம்பித்த சில மாதங்களிலேயே பணம் கட்டாமல் நின்று, வருஷம் முடிவதற்குள் விலகிக்கொண்டது. பின்னர் 2024-ல் டாசோன் என்ற இணைய நேரலைக் கம்பெனி வருஷத்துக்கு 40 கோடி யூரோ தருவதாக வந்தது. மாதச் சந்தா 30 யூரோ அளவில் வைத்தார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். திருட்டு நேரலைகளை நாடிப் போனார்கள். ஒரே வருஷத்தில் அந்த ஒப்பந்தமும் முறிந்தது. இப்படி இரண்டு தடவை சுட்டுக்கொண்ட பின், 2025 ஆகஸ்டில் லீக்காரர்கள் தாங்களே ஒரு செயலி ஆரம்பித்து, மாதம் 14.99 யூரோவுக்கு நேரே ரசிகர்களிடம் விற்கத் தொடங்கினார்கள். உற்பத்தி செய்கிறவரே சந்தையில் கூடையை இறக்கி விற்பது போல. தரகர் கமிஷன் மிச்சம். ஆனால் விற்காமல் போனால் நஷ்டமும் தன்னுடையதே.

நம் நாட்டுக் கால்பந்துக்கு அந்தக் கூடையைத் தூக்கிக்கொள்ளும் தெம்புகூட இல்லை. இந்தியன் சூப்பர் லீக் என்ற பெரிய பந்தயம், நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற காரணத்தால் 2025 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. புதிய ஒப்பந்தத்துக்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒருவர்கூட விலை கேட்டிருக்கவில்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு 49 லட்சம். கால்பந்தில் லீக் முழுவதற்கும் அந்த டெண்டரில் கேட்பார் இருக்கவில்லை. மீட்டர் வைத்து அளக்கிற வியாபாரத்தில், அதிகம் ஓடும் குழாய்க்குத்தான் மேலும் மேலும் தண்ணீர் பாய்கிறது.

நிற்க. பொதுஜனச் சொத்து என்று முடிந்து வைத்த வார்த்தையை இப்போது அவிழ்ப்போம். 2007-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளை யார் விலைக்கு வாங்கியிருந்தாலும், அவற்றின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று அது விதிக்கிறது. விளம்பர வருமானத்தில் உரிமைக்காரருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. மாதச் சந்தா கட்ட வழியில்லாத வீட்டிலும், இந்தியா ஆடும் முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனில் காண முடிவது இந்தச் சட்டத்தின் புண்ணியத்தால்தான். ஐ.பி.எல். போன்ற லீக் பந்தயங்கள் இதற்குள் அடங்கா.

ஆனால் அந்தச் சட்டம் மழைக் காலத்துச் சட்டம். பகிர்ந்துகொண்ட ஒளிபரப்பைப் பிரசார் பாரதி தன் சொந்தக் கோபுரங்கள் வழியாகவும் தன் இலவசத் தட்டு ஆண்டெனாச் சேவை வழியாகவும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிள்காரர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தட்டையும் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கைபேசியே கதி என்றாகிவிட்ட குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீடுகளில் வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றன. பெட்டி பழுதானால் மறுபடி வாங்குவதில்லை, "அதான் போன் இருக்கிறதே, சார்!" என்கிறார்கள். ஜனங்கள் குழாயடிக்குப் போய்விட்டார்கள். சட்டமோ இன்னும் கூரையில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று தனக்கும் ஒரு செயலி ஆரம்பித்திருக்கிறது. இந்தியா ஆடும் ஆட்டங்கள் அதன் வழியாகவும் சட்டப்படி ஜனங்களுக்குக் கிடைக்கும்படி செய்யவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சந்தா கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும். தேசத்தின் பெயரால் ஆடும் ஆட்டத்தைக் காண ஒரு பொதுக் கிணறாவது இருக்கட்டும்.

குழாயின் மீட்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். டெலிவிஷனில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் கருவி வைத்து உத்தேசமாகத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இணையத்திலோ ஒவ்வொரு சோற்றையும் எண்ணிவிடலாம். எந்த ஊர், எந்தப் பாஷை, எந்த ஓவரில் எழுந்து போனார், எந்த விளம்பரத்தைத் தொட்டார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிடுகிறது. ஓவர் முடிந்து இடைவேளை வரும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் கைபேசியில் ஒரு விளம்பரமும் அவர் பக்கத்திலேயே இருக்கும் மருமகனின் கைபேசியில் வேறு விளம்பரமும் ஓடுவது இதனால்தான்.

இதில் நன்மை இல்லாமலில்லை. டெலிவிஷனில் ஐ.பி.எல். நடுவே பத்து விநாடி விளம்பரத்துக்குப் பல லட்ச ரூபாய் ஆகும். பெரிய சோப்புக் கம்பெனிகளுக்கும் கார்க் கம்பெனிகளுக்கும்தான் கட்டுபடியாகும். குழாய் வழியிலோ, பாகூர் வட்டாரத்தில் விதைநெல் விற்கிற ஒரு வியாபாரி தன் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டச் சொல்லிச் சிறு தொகை கட்ட வழி உண்டு. அந்த வியாபாரிக்கு டில்லிக்காரர் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் கைபேசியில் ஆட்டம் பார்க்கிற ஏழாம் வகுப்புப் பையனையும் மீட்டர் ஒரு வாடிக்கைக்காரர் என்றே எண்ணிக்கொள்கிறது. அவனுக்குச் சில வருஷங்களாகக் காட்டிவந்தது எந்த விளம்பரம் தெரியுமா? "அணியைத் தேர்ந்தெடு, கோடீஸ்வரனாகு" என்பது. வகுப்பில் கூட்டல் வட்டி போடத் தெரியாத பையன்கள், எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை புள்ளி என்று மனக்கணக்காய்ச் சொன்னதைக் கேட்டு நாம் திகைத்ததுண்டு.

இதுவரை பெரிய ஆறுகளைப் பார்த்தோம். இனி நம்மூர் வாய்க்காலுக்கு வருவோம்.

புதுச்சேரிக் கிரிக்கெட் சங்கத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் அங்கீகரித்து, ரஞ்சிக் கோப்பையில் நம் அணி முதன்முதலாக ஆடியது 2018–19-ஆம் வருஷத்து ஆட்டக் காலத்தில். சங்கத்தின் மைதானம் துத்திப்பட்டில் இருக்கிறது. கொரோனாவினால் உலகமே வீட்டுக்குள் முடங்கிய சமயத்தில், அந்த மைதானத்தில் உள்ளூர் அணிகளைக் கொண்டு இருபது ஓவர், பத்து ஓவர் பந்தயங்கள் நடத்தினார்கள். ஃபேன்கோடு என்ற செயலி அவற்றை நேரலையாகக் காட்டியது. துத்திப்பட்டு எங்கே இருக்கிறது என்று திருச்சிக்காரருக்கே தெரியாத நிலையில், நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே பந்து வீசும் நம் பிள்ளையைப் பார்க்கலாம் என்றானது சாமானியமான காரியமா? மழைக் காலத்தில் இது கனவிலும் நடந்திராது. எந்த டெலிவிஷனும் இதற்காக ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையை ஒதுக்கியிராது. இணையத்திலோ இரண்டு மூன்று காமிராவும் நல்ல இணைப்பும் இருந்தால் போதும். செலவு இறங்கியதால் சிறிய ஆட்டங்களுக்கும் வாசல் திறந்தது. இந்த ஒரு காரியத்துக்காக நேரலையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் பார்த்தவர்கள் யார்? துத்திப்பட்டு அணிகளில் உள்ள பிள்ளைகளின் உற்றார் உறவினரை விட்டுத் தள்ளுங்கள். மற்றவர்கள் ஏன் பார்த்தார்கள்? ஃபேன்கோடு செயலி ட்ரீம் ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனியுடையது. ட்ரீம் 11 என்ற கற்பனை அணி விளையாட்டும் அதே கம்பெனியுடையது. பணம் கட்டி அணி அமைக்கிற அந்த விளையாட்டுக்கு நாள்தோறும், வேளைதோறும் ஏதாவதொரு ஆட்டம் நடந்துகொண்டே இருக்கவேண்டும். அடுப்பு எரிய விறகு வேண்டும் அல்லவா? பெரிய மரம் கிடைக்காத நாளில் சுள்ளியும் உதவும். எங்கோ தூரத்தில் இருப்பவர் துத்திப்பட்டு ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்ததற்குப் புதுச்சேரிப் பாசம் காரணம் என்று நாம் நினைக்கவில்லை.

ஆட்டத்தைக் காட்டுவது மலிவாகி, அதன்மேல் பணம் வைப்பதும் சுலபமானால், ஆட்டமே பொய்யாக இருந்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றாமல் இருக்குமா? 2020 ஜூன் மாதத்தில் சண்டிகருக்கு அருகே சவாரா என்ற கிராமத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை இலங்கை ஊவா மாகாணத்துப் பந்தயம் என்று சொல்லி இணையத்தில் காட்டினார்கள். இதை மிஞ்சியது 2022-ல் குஜராத்திலே மேசானா மாவட்டத்து மோலிப்பூர் கிராமத்தில் நடந்த கூத்து. வயல் நடுவே ஆடுகளம் போட்டு, விளக்குக் கட்டி, கூலி வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து, சென்னை, மும்பை அணிகளின் சட்டைகளை மாட்டிவிட்டு, ஐ.பி.எல். என்று பெயரிட்டு யூடியூபில் நேரலை விட்டார்கள். ஜனங்களின் ஆரவாரத்தை இணையத்திலிருந்து இறக்கி ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிரபல வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளேயின் குரலை ஒருவன் அப்படியே பேசிக் காட்டினான். ரஷ்யாவில் உட்கார்ந்திருந்த சூதாட்டக்காரர்கள் இதை நிஜமென்று நம்பிப் பணம் கட்டினார்கள். எப்போது சிக்சர் அடிக்கவேண்டும், எப்போது அவுட் ஆகவேண்டும் என்பது நடுவருக்கு அவ்வப்போது உத்தரவாக வந்தது. போலீசார் வந்து பிடித்தபோது பந்தயம் கால் இறுதி வரைக்கும் வந்துவிட்டிருந்தது!

கேட்டால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு, அந்த 400 ரூபாய்க் கூலிக்காரர்களைப் பற்றி நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அவர்களில் யாராவது ஒருவன் உண்மையிலேயே நன்றாக ஆடக்கூடியவனாக இருந்திருக்கலாம்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டத்தின் மூலம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. 22-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. ட்ரீம் 11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையில் இருந்த அதன் பெயரும் மறைந்து, சில வாரங்களில் ஒரு டயர்க் கம்பெனியின் பெயர் வந்தது. நாம் இந்தச் சட்டத்தை மனப்பூர்வமாக வரவேற்கிறோம். பெற்றோர் பலர் நிம்மதியாய் மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனால் துத்திப்பட்டு போன்ற சிறிய மைதானங்களுக்கு வெளியூர்க் கண்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. விறகு வாங்க வந்தவர் இனி வரமாட்டார். சிறிய ஆட்டங்களைச் சிறிய ஆட்டங்களுக்காகவே பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்பது இனித்தான் தெரியவேண்டும்.

இருக்கிறார்கள் என்பதற்கு நம் கிராமங்களிலேயே அத்தாட்சி உண்டு. கோடை லீவிலும் பொங்கல் சமயத்திலும் நம் பக்கத்துக் கிராமங்களில் கபடிப் பந்தயமும் கிரிக்கெட் பந்தயமும் நடக்காத வாரம் குறைவு. சுவரொட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, பரிசை உபயம் செய்கிற புண்ணியவான் பெயர், தலைமை தாங்குகிறவர் பெயர் எல்லாம் இருக்கும். சில வருஷங்களாக அடியில் "யூடியூப் நேரலை" என்றும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. முக்காலியில் ஒரு கைபேசி. திரையின் ஓரத்தில் ஓட்டங்களைக் காட்ட ஒரு செயலி. பக்கத்தில் மைக் பிடித்து, ஆடுகிறவர்களின் பட்டப்பெயர்களைச் சொல்லியே வர்ணனை செய்யும் ஒரு பையன். சிங்கப்பூரிலும் துபாயிலும் பாரிஸிலும் வேலை முடிந்து வந்த அண்ணன்மார்கள் அதைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அந்தப் பக்கம் பீல்டரைப் போடு!" என்று எழுதி அனுப்புகிறார்கள். பணம் கட்டியவர்கள் அல்லர். ஊரை விட்டு வந்தவர்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பந்தயக் கமிட்டியில் சென்ற பொங்கலுக்கு இது சம்பந்தமாக ஒரு தகராறு உண்டாயிற்று. நேரலை விடுகிற பையன், காமிரா வாடகைக்கும் டேட்டாவுக்கும் கமிட்டி தனக்கு இரண்டாயிரம் ரூபாய் தரவேண்டும் என்றான். "நான் காட்டாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பரிசுக்கு உபயம் அனுப்புவார்களா?" என்பது அவன் வாதம். கமிட்டிச் செயலாளர் விடவில்லை. "ஏன்டா தம்பி, எங்கள் ஆட்டத்தைக் காட்டித்தானே உன் சானலுக்கு ஆள் சேர்க்கிறாய்? நியாயமாய் நீயல்லவா எங்களுக்குப் பணம் தரவேண்டும்?" என்றார். ஆலமரத்தடியில் இரண்டு சாயங்காலம் விவகாரம் நடந்தது. தூர்தர்ஷனும் கிரிக்கெட் வாரியமும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்காடிய விஷயம் அதுதான் என்பது இரு தரப்பாருக்கும் தெரியாது, நாமும் சொல்லவில்லை. கடைசியில் யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. பையனுக்கு இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு கமிட்டியைச் சேர்ந்தது. ஒலிபெருக்கிக்காரர் மட்டும் தம் வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் வயரை அவிழ்த்தார்.